தத்துவ ஆலோசனைக்கும் நிதானமான உரையாடலுக்கும் மனதைப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் ஒரு தோழியின் வீட்டு மொட்டைமாடியில் மாதம் இரண்டு ஞாயிறு மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பேசுகிறோம். ஏழு வருடமாக நடக்கிறது. தனியாகப் பேச வேண்டும் என்று வருகிறவர்களோடு நான் உட்கார்ந்து பேசுவதும் உண்டு. இதைத் தாங்களும் செய்ய நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இதற்கு முக்கியமாக வேண்டியது மனப்பாங்குதான் என்று நான் அவர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. கேள்விகள் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இருக்கின்றன. ஆட்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

1. தத்துவ ஆலோசனைன்னா என்னக்கா? சாமியார் உபதேசமா, இல்ல டாக்டர்கிட்ட போற கவுன்சலிங்கா?

இரண்டும் இல்லை. ஒருவர் "வேலையை விட்டுடலாமா?" என்று கேட்டு வருகிறார். அந்த ஒரு கேள்விக்குள் வெற்றி என்றால் என்ன, குடும்பத்துக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டவன், எனக்கென்று ஒரு வாழ்க்கை கேட்பது சுயநலமா என்று நாலைந்து கேள்விகள் மடிந்து கிடக்கின்றன. அவற்றை விரித்துப் பார்க்க அவருக்குத் துணையாக உட்காருவதுதான் தத்துவ ஆலோசனை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புவது அதில் வராது. நோய் என்று பெயர் வைப்பதும் வராது.

இது பழைய காரியம். ஏதென்ஸ் தெருக்களில் சாக்ரடீஸ் செய்தது இதைத்தான். மனிதத் துன்பம் எதையும் ஆற்றாத தத்துவப் பேச்சு வெறும் பேச்சு என்று எபிகியூரஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி சொன்னார். பிறகு தத்துவம் மெல்ல மெல்லப் பல்கலைக்கழகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 1981-இல் ஜெர்மனியில், கொலோன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெர்கிஷ் கிளாட்பாக் என்ற ஊரில், கெர்ட் ஆஹன்பாக் தத்துவ ஆலோசனைக்கென்றே ஒரு இடம் திறந்தார். அடுத்த வருடம் அங்கே அதற்கு ஒரு சங்கமும் உருவானது. 1992-இல் பாரிஸில் மார்க் சோத்தே, பாஸ்டில் சதுக்கத்துக் காபிக்கடை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று ஆரம்பித்தார். எங்கள் மொட்டைமாடிக்கு முன்மாதிரி அந்தக் காபிக்கடைதான்.

2. நான் பி.காம். தத்துவம் ஒரு வரி கூட படிச்சதில்ல. எனக்கு இது சரிப்பட்டு வருமா?

கூட்டத்தில் கலந்து பேசுவதற்கு எதுவும் படித்திருக்க வேண்டாம். மற்றவருக்கு ஆலோசகராக உட்கார வேண்டுமானால் படிக்கத்தான் வேண்டும். ஒரே சிக்கலை மனிதர்கள் எத்தனை விதமாக யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால்தான், எதிரே இருப்பவர் ஒரே சந்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் இன்னொரு வழி இருப்பது நம் கண்ணில் படும்.

ஆனால் நிறையப் படித்தவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. ஒருவர் மனம் விட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே "ஓ, இது ஸ்டோயிக் சிந்தனை", "இது இருத்தலியல்" என்று சீட்டு ஒட்டிவிடுவார்கள். சீட்டு ஒட்டியதும் கேட்பது நின்றுவிடும். எங்கள் கூட்டத்தில் இன்றுவரை மிக நன்றாக உரையாடுபவர் ஒரு தையற்கடைக்காரர். யார் என்ன சொன்னாலும் "அப்படின்னா எப்படி? ஒரு சம்பவம் சொல்லுங்க" என்பார். அந்த ஒரு வாக்கியம் பல பேரை வெறும் பேச்சிலிருந்து தங்கள் வாழ்க்கைக்கு இழுத்து வந்திருக்கிறது.

3. மனப்பாங்கு, மனப்பாங்குன்னு சொல்றீங்களே, முறைன்னு ஒண்ணு கிடையாதா? படி ஒண்ணு, படி ரெண்டுன்னு சொல்லிக் குடுங்க.

ஆஹன்பாக் தனக்கு முறை எதுவும் இல்லை என்றே சொன்னார். முறையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரைப் பார்த்தால், அந்த முறைக்கு ஏற்ற அளவில்தான் அவர் நமக்குத் தெரிவார் என்பது அவருடைய கவலை. வருபவரை நோயாளி என்று அவர் அழைப்பதில்லை. வந்திருப்பவர், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் லியோனார்டு நெல்சன் என்ற தத்துவவாதி இருக்கிறார். அவரும் ஜெர்மானியர்தான். 1922-இல் கோட்டிங்கன் நகரில், கேள்வி கேட்டே யோசிக்க வைக்கும் சாக்ரடீஸ் வழி பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அவருடைய மாணவர் குஸ்டாவ் ஹெக்மன் அதைக் குழு உரையாடலாக வளர்த்து, தெளிவான விதிகளும் வைத்தார். பேச்சு யாராவது ஒருவருக்கு உண்மையில் நடந்த சம்பவத்திலிருந்து தொடங்க வேண்டும். நடத்துபவர் அந்த விஷயத்தில் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரிந்ததா என்று உறுதி செய்யாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. எல்லாரும் மனசார ஒப்புக்கொள்ளும் இடத்தைத் தேட வேண்டும்.

இந்த இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். எதிரே இருப்பவருக்கு யோசிக்கத் தெரியும் என்ற நம்பிக்கை அது. பொறுமை, அடக்கம், ஆர்வம் என்று மனப்பாங்குகளை நீளமாகப் பட்டியல் போடலாம். ஆனால் இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் பொறுமை கூடக் கருணை காட்டுவதாக மாறிவிடும். எதிரே இருப்பவருக்கு அது உடனே தெரிந்தும் விடும். புதிதாக வருபவர்களுக்கு நான் நெல்சன் பக்கத்து விதிகளைத்தான் முதலில் கொடுக்கிறேன். நம்பிக்கை உள்ளே ஊறும் வரை விதி தாங்கிப் பிடிக்கும்.

4. கேட்கிறதுல என்ன பெரிய விஷயம்? நான் எப்பவுமே பொறுமையாத்தான் கேட்பேன்.

நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மனதுக்குள் பதில் தயாராகிக்கொண்டிருந்தால் அது கேட்பது ஆகாது, முறை வரக் காத்திருப்பதுதான். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அவர் பேசி முடித்ததும், "நீங்க சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரியா?" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "இல்லங்க, நான் சொன்னது அது இல்ல" என்ற பதில் எத்தனை முறை வருகிறது என்று கவனியுங்கள். முதல் வருடம் எனக்குப் பாதிக்குப் பாதி அப்படித்தான் வந்தது.

நம் மொழியில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. வினவுவதும் கேட்பதுதான், காது கொடுப்பதும் கேட்பதுதான். திருக்குறளில் 'கேள்வி' என்ற அதிகாரம் முழுக்கச் செவிகொடுப்பதைப் பற்றியது, வினா எழுப்புவதைப் பற்றி அல்ல. நல்ல கேள்வி எங்கிருந்து வருகிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், இந்தச் சொல்லைத்தான் காட்டுவேன். அவர் சொன்னதற்குள்ளிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்க வேண்டும். வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன கேள்வி அந்த இடத்தில் ஒட்டாது.

5. ஒருத்தர் அழுதுட்டு இருக்கும்போது 'துக்கம்னா என்ன'ன்னு கேட்கிறது கொடுமை இல்லையா?

கொடுமைதான். நானே செய்திருக்கிறேன். அப்பாவை இழந்து மூன்று வாரமே ஆன ஒரு இளைஞர் வந்தார். நம்மைக் கலங்க வைப்பது நடந்த விஷயமல்ல, அதைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணம்தான் என்று ரோமப் பேரரசு காலத்துத் தத்துவவாதி எபிக்டெட்டஸ் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அடிமையாக வாழ்ந்து, பிறகு ஆசிரியரானவர், அவர் சொன்னால் கனம் இருக்கும் என்று நினைத்தேன். தம்பி தலையை ஆட்டிக் கேட்டார். "சரிக்கா" என்றார். அப்புறம் வரவே இல்லை.

அதே எபிக்டெட்டஸ், ஒருவர் துக்கத்தில் அழுவதைப் பார்த்தால் அவருக்கு ஆறுதல் சொல்லத் தயங்காதே, தேவைப்பட்டால் அவரோடு சேர்ந்து புலம்பவும் செய், உள்ளுக்குள் மட்டும் நிலைகுலைந்துவிடாதே என்றும் சொல்லியிருக்கிறார். அதை நான் படித்திருந்தேன். அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. துக்க வீட்டுக்குப் போனால் நம் ஊரில் யாரும் காரணம் பேசுவதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆலோசகரும் அந்த வழக்கத்தை மறக்கக் கூடாது. துக்கத்தில் இருப்பவர் தானாகவே "ஏங்க, இப்படி நடந்ததுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?" என்று கேட்கும் நாள் வரலாம். அன்றைக்குத்தான் சேர்ந்து யோசிக்கத் தொடங்க வேண்டும்.

6. எந்தக் கட்டத்துல டாக்டர்கிட்ட போகச் சொல்லணும்?

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வழக்கமான வேலையைச் செய்ய முடியவில்லை, இல்லாத குரல் கேட்கிறது, இருந்து என்ன பிரயோஜனம் என்ற எண்ணம் வருகிறது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தத்துவப் பேச்சை ஓரமாக வைத்துவிட வேண்டும். "உயிரோட இருக்கிறதுக்கு என்ன அர்த்தம்?" என்ற கேள்வியைச் சிலர் யோசனையாகக் கேட்பார்கள், சிலர் வலியிலிருந்து கேட்பார்கள். எது என்று சந்தேகம் இருந்தால் நேரடியாகவே கேட்டுவிடுங்கள்: "உங்களை நீங்களே ஏதாவது செஞ்சுக்கணும்னு தோணுதா?" இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பெரும்பாலானவர்களுக்கு அது சொல்ல ஒரு வாசல் கிடைத்த நிம்மதியாகத்தான் இருக்கிறது.

இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். எங்கள் மொட்டைமாடிக்கு ஏறும் படிக்கட்டுச் சுவரில் இந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறோம். மருத்துவரிடம் போகச் சொல்வதை நம் தோல்வியாக நினைக்கிற ஆலோசகர், வந்தவரைவிடத் தன்னைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்.

7. சரி, என்ன மாதிரி கேள்வி கேட்கணும்? ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. எண்பத்தெட்டு வயது அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தார். "நான் நன்றிகெட்டவ" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் "விடுங்க டீச்சர், காலம் மாறிப்போச்சு" என்று சொல்லியிருந்தார்கள். அது அவருக்குத் துளியும் உதவவில்லை. காலம் மாறினால் நன்றியும் மாறிவிடுமா என்ற புதுக் கவலைதான் சேர்ந்தது.

நான் கேட்ட முதல் கேள்வி: "நன்றிகெட்டவங்கன்னு நீங்க வேற யாரையாவது சொல்லியிருக்கீங்களா?" கொஞ்ச நேரம் யோசித்து, தன் பெரியப்பா மகன் ஒருவரைச் சொன்னார். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அப்பா செத்ததற்குக்கூட வராதவர். "நீங்க செஞ்சதும் அவர் செஞ்சதும் ஒண்ணா?" இல்லை என்றார், ஆனால் உடனே "எனக்கும் ஏதோ உறுத்துதே" என்றார். அந்த உறுத்தலை நான் துடைக்கப் போகவில்லை. அதில் ஏதோ உண்மை இருக்கலாம். "அம்மாவுக்கு நீங்க என்ன பாக்கி வச்சிருக்கீங்கன்னு தோணுது?" என்று கேட்டேன். "வளர்த்தாங்களே, அந்தக் கடன்" என்றார். "கடன்னா, எவ்வளவு திருப்பிக் கொடுத்தா அடையும்?" இந்த இடத்தில் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவராகவே சொன்னார்: "அடையாதுங்க. அடைஞ்சிட்டா அப்புறம் அவங்க எனக்கு யாரோ ஆயிடுவாங்களே."

நன்றியைக் கடனாக நினைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததை அவரே கண்டுகொண்டார். அடுத்த முறை வந்தபோது கேள்வி மாறியிருந்தது. "நான் குற்றவாளியா?" என்பது போய், "வாரம் ஒரு நாள் போறேன், அந்த ஒரு மணி நேரத்துல அம்மாகூட எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அழுகை நின்றுவிடவில்லை. இன்றைக்கும் இல்லத்திலிருந்து திரும்பும்போது அழுகிறார். அதை நிறுத்துவது என் வேலை என்று நான் நினைக்கவில்லை.

கவனித்தால், கேள்விகள் எல்லாம் அவர் வாயிலிருந்து வந்த சொல்லைப் பிடித்தே போகின்றன: நன்றிகெட்டவள், உறுத்தல், கடன். 4-ஆம் கேள்வியில் சொன்னதுதான் இது.

8. பதில் எனக்குத் தெரிஞ்சிருக்கும்போது எதுக்குச் சுத்தி வளைச்சுக் கேட்கணும்? நேரா சொல்லிட்டா நேரம் மிச்சம்தானே?

தெரிந்த தகவலாக இருந்தால் நேராகச் சொல்லுங்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவரிடம் "பயணம் என்றால் என்ன?" என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆசிரியையிடம் "நன்றி கடன் இல்லீங்க" என்று முதல் ஐந்து நிமிடத்தில் நான் சொல்லியிருந்தால், அது சொந்தக்காரர்கள் சொன்ன ஆறுதல்களோடு இன்னொன்றாகப் போயிருக்கும்.

இன்னொரு விஷயம். பதிலை முடிவு செய்து வைத்துக்கொண்டு, அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவே கேள்வி கேட்பது ஏமாற்று. சாக்ரடீஸின் மாணவர் பிளேட்டோ எழுதிய உரையாடல்களிலேயே சாக்ரடீஸ் நீளமாகப் பேசிக்கொண்டு போக, எதிரே இருப்பவர் "ஆமாம்", "அப்படித்தான்" என்று மட்டும் சொல்லும் பக்கங்கள் உண்டு. நெல்சன் இதை ஒளிக்காமல் குறை சொல்லியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்காத பதில் வந்தால் உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, ஆர்வம் வருகிறதா? எரிச்சல் வந்தால் நீங்கள் கேட்டது கேள்வி இல்லை. கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால் "இது என் கருத்து, இதை நீங்க மறுக்கலாம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நேர்மை.

9. எங்க வீட்டுல பெரியவங்ககிட்ட எதிர்க்கேள்வி கேட்டாலே மரியாதை தெரியாதவன்னு சொல்லிடறாங்க.

அவர்கள் கோபப்படுவது பெரும்பாலும் கேள்விக்காக அல்ல. நம் ஊரில் "ஏன்?" என்ற சொல் குற்றச்சாட்டாகவே காதில் விழுகிறது. "ஏன் லேட்டு?", "ஏன் மார்க் குறைஞ்சுது?" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆகவே அந்தச் சொல்லைத் தவிர்த்துப் பாருங்கள். "அப்படி முடிவு பண்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு தாத்தா?", "நீங்க சொல்றது எனக்கு முழுசாப் பிடிபடல, இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்டால் அதே கேள்வி கதையாகத் திறக்கும். பெரியவர்களுக்குக் கதை சொல்லப் பிடிக்கும். காரணம் கதைக்குள்ளேதான் இருக்கும்.

எங்கள் கூட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் "நீங்க" என்றே சொல்கிறோம், கல்லூரி மாணவரிலிருந்து எழுபது வயதுக்காரர் வரை. இந்தச் சின்ன ஏற்பாடு இளையவர்களைப் பேச வைத்த அளவுக்கு வேறு எதுவும் பேச வைக்கவில்லை.

10. சாமி, கட்சி, சாதின்னு வந்துட்டா பேச்சு சண்டையாயிடுது. அப்ப என்ன செய்றது?

நியாயம் என்று பெயர் கொண்ட இந்திய தர்க்க மரபில் விவாதத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். உண்மையைத் தெரிந்துகொள்ளப் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று எந்த நிலையும் இல்லாமல் அடுத்தவர் சொல்வதை உடைப்பதற்காகவே பேசுவது விதண்டை. மூன்றில் இந்தக் கடைசிச் சொல்தான் 'விதண்டாவாதம்' என்று நம் வீடுகளில் தங்கிவிட்டது. ஜல்பத்துக்குத்தான் இன்றைக்குச் செல்வாக்கு அதிகம், தொலைக்காட்சி விவாதம் முழுக்க அதுதான்.

கூட்டத்தில் சூடு ஏறும்போது நாங்கள் ஒரு விதி வைத்திருக்கிறோம். மறுக்க விரும்புபவர், முதலில் எதிராளியின் கருத்தை அவரே "ஆமா, அதேதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் மறுப்பு. கோயில் நிர்வாகம் பற்றிய ஒரு பேச்சில் இப்படிச் சொல்லி முடிக்க ஒருவருக்கு நாலு முயற்சி தேவைப்பட்டது. நாலாவது தடவை எதிராளி "ஆமா" என்றபோது இரண்டு பேர் குரலும் இறங்கியிருந்தது. கருத்து வேறுபாடு அப்படியே இருந்தது. இருக்கட்டும், அதனால் என்ன?

11. எல்லார் சொல்றதையும் திறந்த மனசோட கேட்கணும்னா, அப்ப எல்லாமே சரியா? தீண்டாமைய நியாயப்படுத்துறவர் பேச்சையும் கேட்கணுமா?

எனக்கு வந்த கேள்விகளில் மிகவும் கடினமானது இது. எதிரே இருப்பவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டு உட்காருவதே உரையாடல் என்பது ஜெர்மன் தத்துவவாதி காடமரின் நிலைப்பாடு. நான் அதை முழுதாக மதிக்கிறேன். ஆனால் "சரியாக இருக்கலாம்" என்று சொல்லும்போதே, தவறாகவும் இருக்கலாம் என்பது அதற்குள் அடங்கிவிடுகிறது. எல்லாக் கருத்தும் சமம் என்று நினைப்பவருக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லையே. எது சரி என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்குத்தான் அடுத்தவரைக் கேட்கும் தேவை வருகிறது.

சாதி விஷயத்தில் நான் செய்வதைச் சொல்கிறேன். தனியாகப் பேச வந்தவர் அப்படி ஒரு கருத்தைச் சொன்னால், அது அவருக்குள் எப்படி வந்தது, எதை இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறார் என்று கேட்பேன். கேட்டு முடித்ததும் "இதை நான் ஏற்கல, ஒரு மனுஷன் பிறப்பால தாழ்வுன்னு சொல்றது தப்பு" என்று தெளிவாகச் சொல்லிவிடுவேன். நடத்துபவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது என்று 3-இல் சொன்ன ஹெக்மன் விதியை இங்கே நான் மீறுகிறேன், தெரிந்தேதான் மீறுகிறேன். கூட்டத்தில் நிலைமை வேறு. அங்கே அந்தப் பேச்சால் காயப்படக்கூடியவரும் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மனிதத்தன்மையே விவாதப் பொருளாவதை நான் அனுமதிப்பதில்லை. அவர் எழுந்து போகும்படி ஆகிவிட்டால் அப்புறம் அங்கே யாரோடு உரையாடுவது?

12. எனக்குள்ள என்ன முன்முடிவு இருக்குன்னு எனக்கே எப்படித் தெரியும்?

தனியாக உட்கார்ந்து தேடினால் கிடைக்காது. யாராவது ஒன்று சொல்லும்போது உடம்பில் சுருக்கென்று ஏறுமே, அந்த நேரத்தில்தான் அது தலை காட்டும். இயற்பியலாளர் டேவிட் போம், ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு பல வருடம் உரையாடியவர், இதற்கு ஒரு பயிற்சி சொன்னார். எழும் எண்ணத்தை அடக்கவும் வேண்டாம், அதன்படி பேசிவிடவும் வேண்டாம், கண்ணெதிரே தொங்கவிட்டுப் பார் என்பது அதன் சாரம். சொல்வதற்குச் சுலபம். எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் தாங்குகிறது. அந்த ஒரு மூச்சே நிறைய உதவியிருக்கிறது.

இரவில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரோமாபுரியில் தத்துவவாதி செனெக்கா, விளக்கை எடுத்துச் சென்ற பிறகு, அவர் வழக்கம் தெரிந்த மனைவி பேசாமல் இருக்க, அன்றைய நாளில் தான் சொன்னதையும் செய்ததையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாராம். நான் இரண்டே வரி எழுதுகிறேன். இன்றைக்கு யார் பேச்சில் எனக்குச் சுருக்கென்றது? அப்போது நான் எதை உண்மை என்று வைத்திருந்தேன்? ஒரு வருட நோட்டைப் புரட்டினால் ஒரே முன்முடிவு பத்து வேஷத்தில் வந்திருப்பது தெரியும். என்னுடையது, "கஷ்டப்பட்டு மேல வந்தவங்க சொல்றதுதான் நிஜம்" என்பது. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் வலியை நான் பாதி காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

13. பேச்சு நடுவுல மௌனம் வந்துட்டா பதட்டமாயிடுது. ஏதாவது சொல்லி ஒப்பேத்தணுமா?

வேண்டாம். தண்ணீர் குடியுங்கள். அந்த ஆசிரியை வெகுநேரம் பேசாமல் இருந்தபோது நான் வாயைத் திறந்திருந்தால் அவர் சொன்ன அந்த வாக்கியம் வந்தே இருக்காது.

14. இதையெல்லாம் என் வீட்டுக்காரர்கிட்ட செஞ்சு பார்த்தேன். 'என்கிட்ட கவுன்சலிங் பண்ணாத'ன்னு கத்திட்டாரு.

அவர் சொன்னது நியாயம். ஆலோசனை என்றால் இரண்டு பேரும் அதற்கென்று ஒப்புக்கொண்டு உட்கார வேண்டும். வீட்டில் நீங்கள் மனைவி, அவருடைய முடிவுகளின் பலன் உங்களுக்கும் வரும். நடுநிலையாக நடிக்கவே முடியாது. வீட்டில் பழகிப்பார்க்க வேண்டியது 4-ஆம் பதிலில் சொன்னதை மட்டும்தான், அதையும் அறிவிக்காமல்.

15. காசு வாங்கலாமா?

சாக்ரடீஸ் வாங்கவில்லை, அதைத் தன் விசாரணையிலேயே எடுத்துச் சொன்னார். இன்றைக்கு ஐரோப்பாவில் இதைத் தொழிலாகச் செய்பவர்கள் கட்டணம் வாங்குகிறார்கள், அதில் தப்பில்லை. எனக்கு ஓய்வூதியம் வருவதால் வாங்குவதில்லை. நம் நாட்டில் தத்துவ ஆலோசகர் என்று போர்டு மாட்ட மருத்துவருக்கு உள்ளது போல உரிமம் எதுவும் தேவையில்லை. ஆகவே காசு வாங்குபவர் தான் எதைப் படித்தவர், எதைச் செய்யத் தெரியாதவர் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

16. இப்படியே கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா, கடைசில எதுலயுமே பிடிப்பு இல்லாமப் போயிடாதா?

சாக்ரடீஸிடம் மேனோ என்பவர் இதே குறையைச் சொன்னார். தொட்டவரை மரத்துப்போக வைக்கும் மின்திருக்கை மீனைப் போல நீ என்னை மரக்க வைத்துவிட்டாய், நல்ல குணம் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன், இப்போது அது என்னவென்றே சொல்ல வரவில்லை என்றார். அந்த மீனும் மரத்துப்போயிருக்கிறது என்றால் நான் அந்த மீன்தான், எனக்கும் தெரியாமல்தான் உன்னையும் தெரியாத நிலைக்குக் கொண்டுவருகிறேன் என்பது சாக்ரடீஸ் சொன்ன பதில்.

அந்த மரத்துப்போகும் கட்டம் உண்மையிலேயே வரும். மூன்றாவது நான்காவது கூட்டத்துக்குப் பிறகு சிலர் வராமல் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஆகவே ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கேள்வி கேட்க வேண்டாம் என்று சொல்லி வைக்கிறேன். ஒருவர் தன் வேலையைப் பற்றி யோசிக்க வந்திருந்தால் அவருடைய கடவுள் நம்பிக்கையை நாம் தொட வேண்டியதில்லை. உலுக்கிப் பார்த்தும் நிற்கும் நம்பிக்கை எது என்று தெரிந்துகொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன், தையற்கடைக்காரர் அவர்களில் ஒருவர்.

17. நம்மகிட்ட பேசிட்டுப் போய் ஒருத்தர் தப்பான முடிவு எடுத்துட்டா, பொறுப்பு யாருக்கு?

முடிவு அவருடையது. அதைச் சொல்லி நான் ஒதுங்கிவிட முடியாது. நாலு மாதம் என்னோடு பேசிவிட்டு நிரந்தர வேலையை விட்டார் ஒருவர். விடுங்கள் என்று நான் ஒரு முறையும் சொல்லவில்லை. ஆனால் "பயம் இல்லேன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டது நான்தான். அந்தக் கேள்வியில் ஒரு சாய்வு இருந்தது, பயம் என்றாலே தவறு என்பது போல. பயத்தில் நியாயமும் இருக்கலாம் என்று நான் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். எட்டு மாதம் அவர் குடும்பம் மிகவும் சிரமப்பட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வழக்கம் வைத்திருக்கிறேன். பெரிய முடிவு எடுக்கப் போகிறவரிடம், வீட்டில் அதனால் பாதிக்கப்படப் போகிறவர் இதைப் பற்றி என்ன சொல்வார் என்று அவர் குரலிலேயே சொல்லிப் பார்க்கச் சொல்வேன். முடிவு எடுத்த பிறகு ஒரு மாதம் கழித்து நானே போன் செய்வேன். வேலையை விட்டவரிடம் என் கேள்வியில் இருந்த குறையை ஒப்புக்கொண்டேன். அவர் அதற்கு எதுவும் சொல்லவில்லை. இப்போது வேறு ஒரு சின்ன வேலையில் இருக்கிறார். கூட்டத்துக்கு வந்துகொண்டிருக்கிறார். போன மாதம், மனைவியையும் அழைத்து வந்திருந்தார்.